பிளக் மரை போனால் டைம்-சர்ட் கிட்

ரங்கூன் டாக்ஸியாக ஓடும் டொயோட்டா புரோபாக்ஸ் கார்களுக்கு இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் அலுமினியம். ஸ்பார்க் பிளக் அதிலுள்ள மரையில்தான் ஏறும். சூட்டோடு பிளக்கைக் கழற்றினால் மரையும் பிய்ந்துகொண்டு வரலாம். என் வண்டிக்கு முன்பு ஒரு கடையில் ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருளை மரையாகப் போட்டார்கள். அடுத்தமுறை பிளக்கோடு அந்தக் கம்பிச்சுருளும் சேர்ந்தே வந்துவிட்டது.

டைம்-சர்ட் என்பது போன மரைக்குப் பதிலாக ஹெட்டில் ஏற்றும் கெட்டியான ஸ்டீல் புஷ், பிளக் மரை அளவு 14×1.25 (விட்டம் 14 மி.மீ., மரை இடைவெளி 1.25 மி.மீ.). மேல் விளிம்பு ஹெட்டில் பதிந்து உட்காரும். அதை ஏற்றும் டிரைவர் கருவியை முறுக்கும்போது புஷ்ஷின் அடிமரை விரிந்து ஹெட்டைக் கவ்விக்கொள்ளும். இனி பிளக்கோடு சுழன்று வருவது அரிது.

ரங்கூன் தாம்வே பகுதிப் பட்டறை அண்ணன், புஷ்ஷுக்கு மரை வெட்டும் டேப்பின் பள்ளங்களில் கிரீஸை அப்பி, கொஞ்சம் திருப்பினதும் வெளியே எடுத்து, ஒட்டிய அலுமினியத் தூளைத் துடைத்து, மறுபடி கிரீஸ் அப்பி இறக்கினார். அவசரமே படவில்லை. தூள் சிலிண்டருக்குள் போகக்கூடாதே! அந்தப் பொறுமைக்கே தாராளமாகக் காசு கொடுக்கலாம்.

கிட் விலை அதிகம். ஒரு வண்டிக்காக வாங்காதீர்கள். வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போங்கள்.