இரண்டு இணைப்பு என்று விற்றார்கள், வந்தது ஒரே கம்பத்து வயர்: 34,580 ரூபாய் போயிற்று

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். வீட்டிலிருந்து பங்குச் சந்தையில் ஆப்ஷன் விற்கிறவன் நான். நேற்று செவ்வாய்க்கிழமை, நிஃப்டி எக்ஸ்பைரி நாள், அதாவது நிஃப்டி பங்குக் குறியீட்டின் மீதான ஆப்ஷன் ஒப்பந்தங்கள் முடியும் நாள். மதியம் 1.42க்கும் 2.05க்கும் நடுவில் 34,580 ரூபாய் போயிற்று. அந்த இருபத்து மூன்று நிமிடமும் என் வீட்டில் இணையம் இல்லை. இல்லாமல் போகவே போகாது என்று சொல்லி, நான்கு மாதத்துக்கு முன் ஓராண்டுச் சந்தா 14,160 ரூபாயை ஜிஎஸ்டியோடு முன்கூட்டியே வாங்கிக்கொண்டவர்கள் கொடுத்த இணைப்பு இது.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. புறநகர்ப் பகுதிகளில், கேபிள் டிவி நடத்துபவர் மூலமாக ஃபைபர் இணைப்பு கொடுக்கிற வகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விற்க வந்த தம்பி நல்ல பையனாகத்தான் தெரிந்தான். கூடத்தில் உட்கார்ந்து, என் திரையை எட்டிப் பார்த்து, "சார், சாதாரண வீட்டு இணைப்பை நம்பியா ஆப்ஷன் விற்கிறீர்கள்?" என்று கேட்டான். அங்கேயே நான் விழுந்துவிட்டேன். நம் தொழில் தெரிந்தவன் பேசுகிறான் என்ற நினைப்பு. வர்த்தகர்களுக்கென்றே ஒரு திட்டம் இருக்கிறதாம்: இரண்டு ஃபைபர், இரண்டையும் சேர்க்கும் ஒரு ரௌட்டர், என் இணைப்புக்கென்றே மாறாமல் இருக்கும் நிலையான ஐபி முகவரி. ஒன்று அறுந்தால் மற்றொன்று ஒரு நொடியில் தாங்கிக்கொள்ளும். அன்றைய செய்தித்தாளின் ஓரத்தில் பேனாவால் படமே போட்டுக் காட்டினான். கிழக்குத் தெரு வழியாக ஒரு கோடு, மெயின் ரோடு வழியாக இன்னொரு கோடு. "இரண்டும் வேறு வேறு பாதை சார்." அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். என்ன பயன்? கோடு போட்டுக் காட்டியதை நம்பினேனே தவிர, தெருவில் இறங்கி வயரைப் பார்க்கவில்லை.

நேற்று நடந்தது இதுதான். காலையில் நான்கு லாட், அதாவது நான்கு தொகுதியாக 260 கால் ஆப்ஷன்களை, ஒன்று 38 ரூபாய்க்கு விற்றிருந்தேன். கால் ஆப்ஷன் என்பது சந்தை ஏறினால் விலை ஏறுகிற ஒப்பந்தம்; விற்றவன் அதைத் திரும்ப வாங்கி மூடும்போது விலை ஏறியிருந்தால் நஷ்டம். விலை 60ஐத் தொட்டால் வாங்கி மூடிவிடுவது என் கணக்கு. 1.42க்குத் திரையில் 41 என்று நின்றது. நின்றது என்றால் உண்மையிலேயே நின்றுவிட்டது. தொடர்பு அறுந்தால் திரை கறுத்துப் போகும், ஏதாவது எச்சரிக்கை வரும் என்று நினைப்போம். என் திரையில் ஒன்றும் வரவில்லை. கடைசியாக வந்த விலை அப்படியே உறைந்து கிடந்தது. சந்தை தூங்குகிறது என்று எண்ணி எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன். ஆறு நிமிடம்! கூடத்தில் கதவுக்கு மேலே இரண்டு மோடங்களிலும், ஃபைபரில் சிக்னல் இல்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

கைபேசியை எடுத்தால் அதுவும் அதே செத்துப்போன வைஃபையைப் பிடித்துக்கொண்டு சுற்றியது. அதை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினால் வீட்டுக்குள் சிக்னல் இல்லை. மொட்டைமாடிக்கு ஓடினேன். செயலி மறுபடி உள்நுழையச் சொன்னது, கடவுச்சொல் கேட்டது, ஓடிபி கேட்டது. தரகரின் தொலைபேசி வர்த்தகப் பிரிவு எண் மடிக்கணினியில் சேமித்து வைத்த மின்னஞ்சலில் இருந்தது, அதாவது கீழே இருந்தது. ஒருவழியாக உள்ளே போனபோது விலை 171. வாங்கி மூடினேன். 133 ரூபாய் வீதம் 260. 34,580 ரூபாய்.

விலை ஓர் அளவைத் தொட்டதும் தானாகவே வாங்கி மூடச் சொல்லும் ஸ்டாப் லாஸ் ஆர்டரை ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். தெரியும், மைத்துனர் நேற்றிரவே கேட்டுவிட்டார். தேசியப் பங்குச் சந்தையில் 2021 செப்டம்பரிலிருந்து ஆப்ஷனுக்கு, கிடைக்கிற விலைக்கு வாங்கும் மார்க்கெட் விலை ஸ்டாப் லாஸ் கிடையாது, இதற்கு மேல் வாங்காதே என்று ஒரு லிமிட் விலை வைத்துத்தான் போட முடியும். விலை அதைத் தாண்டிக் குதித்துவிட்டால் ஆர்டர் அப்படியே தொங்கும் என்று பயந்து கையாலேயே மூடிப் பழகிவிட்டேன். அது என் தவறுதான். 60இல் மூடியிருந்தாலும் 5,720 போயிருக்கும், ஆகவே இணைப்பால் போனது 28,860 மட்டுமே என்று அவர் கணக்குச் சொல்கிறார். என் வங்கிக் கணக்கு 34,580 என்றுதான் சொல்கிறது.

இன்று காலை வயர் ஒட்ட வந்தவர் கம்பத்துப் பெட்டியைத் திறந்தபோது கீழே நின்று பார்த்தேன். என் வீட்டின் இரண்டு வயர்களும் ஒரே பெட்டிக்குள், ஒரு ஃபைபரைப் பலவாகப் பிரிக்கும் ஒரே ஸ்ப்ளிட்டரில் போய்ச் சேர்கின்றன. அங்கிருந்து வெளியே போவது ஒற்றை ஃபைபர். மழைநீர் வடிகாலுக்குப் பள்ளம் தோண்டியவர்கள் அதைத்தான் அறுத்திருக்கிறார்கள். கிழக்குத் தெருவும் இல்லை, மெயின் ரோடும் இல்லை. "எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் சார்" என்றார் அவர், பாவம், உண்மையைச் சொன்ன ஒரே ஆள். நிலையான ஐபியும் பொய். ரௌட்டரில் பார்த்தால் 100.72 என்று தொடங்குகிறது. அது பல வீடுகளுக்குச் சேர்த்துப் பங்கிட்டுக் கொடுக்கிற முகவரி வரிசை.

வாடிக்கையாளர் சேவையை ஐந்து முறை அழைத்தேன். முதல் மூன்று முறை ரௌட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அறுந்த வயருக்கு! நான்காவது முறை, உள்ளூர் கேபிள்காரரைக் கேளுங்கள் என்றார்கள். கேபிள்காரர், திட்டத்தை விற்றது கம்பெனி, அவர்களைக் கேளுங்கள் என்றார். இதற்கிடையில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி. ஐந்தாவது முறை ஒரு மேலாளர் கனிவாகப் பேசி, ஒரு நாள் வாடகையைக் கழித்துத் தருகிறோம் என்றார். 14,160ஐ 365ஆல் வகுத்துப் பாருங்கள். 38 ரூபாய் 79 பைசா. போனது 34,580 ரூபாய் ஐயா என்றேன். "சேவை தடைபட்டால் வணிக இழப்புக்குப் பொறுப்பில்லை என்று விதிமுறையில் இருக்கிறது சார்." கையெழுத்து வாங்கும்போது விதிமுறையை யார் காட்டினார்கள்?

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமையில்லை. இரண்டாவது இணைப்பு வாங்கினால் வயர் போகிற வழியே நடந்து போய்ப் பாருங்கள். அதைவிட, வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றை, வீட்டுக்குள் சிக்னல் எடுக்கிறதா என்று பார்த்து வாங்கி வையுங்கள். 200 எம்பிபிஎஸ் வேகத்தைக் காட்டினால் மயங்காதீர்கள். விலை வந்து சேர அவ்வளவு வேகம் தேவையே இல்லை, அறுபடாமல் வர வேண்டும். தரகரின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஓராண்டுப் பணத்தை முன்கூட்டியே கொடுக்காதீர்கள். திரையில் விலை அசையாமல் இருந்தால் முதலில் மோடத்தைப் பாருங்கள், டீ அப்புறம். ஸ்டாப் லாஸ் பற்றி நான் சொல்லத் தகுதியில்லை.

புகார் எண்களையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை, நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குத்தான் முதலில் எழுத வேண்டும். அதற்குப் பிறகு நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்பு வழக்குகளையும் அங்கே கொண்டுபோகலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. செய்தித்தாள் ஓரத்துப் படத்தை நகல் எடுத்தாயிற்று.

கைபேசி அடிக்கிறது, அவர்கள் எண்தான். ரௌட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள்.