ஃப்ரன்ட் கர்ட்டனா, ரியர் கர்ட்டனா? நைட்ல அசையுற ஆளை ஃப்ளாஷ் போட்டு எடுக்க எது?

மூவ்மென்ட்னா கண்ண மூடிக்கிட்டு ரியர் கர்ட்டன் போடுன்னு பாதி பேர் சொல்றாங்க, எனக்கு அதுல முழு சம்மதம் இல்ல.

ஷட்டர்ல ரெண்டு திரை. முதல் திரை முழுசா திறந்ததும் ஃப்ளாஷ் அடிச்சா ஃப்ரன்ட், ரெண்டாவது திரை மூடக் கிளம்புறதுக்கு கொஞ்சம் முன்னாடி அடிச்சா ரியர். ஷட்டர் ஸ்பீட் 1/200 செகண்ட்ல எடுத்தா ரெண்டுக்கும் வித்தியாசமே தெரியாதுங்க, 1/15, 1/4னு இறங்கினாதான் கதையே ஆரம்பிக்கும். பைக் ஒண்ணு குறுக்க போகுதுன்னு வைங்க, ஃப்ரன்ட்ல பைக் முதல்லயே ஃப்ரீஸ் ஆயிடும், அதுக்கப்புறம் அது நகர்ற நகர்ற டெயில் லைட்டோட செவப்பு கோடு பைக்கையே கிழிச்சுக்கிட்டு முன்னாடி போகும், வண்டி ரிவர்ஸ்ல வர்ற மாதிரி இருக்கும். ரியர்ல கோடு ஒழுங்கா பின்னாடி விழும். வண்டி, சைக்கிள், ஒரே திசைல ஓடுறவங்கன்னா ரியர்தான், பேச்சே இல்ல.

ஆனா ரிசப்ஷன் டான்ஸுக்கு நான் ஃப்ரன்ட்தான் வைப்பேன். பட்டன் அமுக்குறப்ப இருந்த சிரிப்பு அப்படியே விழுந்துடும். ரியர்ல 1/4 வச்சா கால் செகண்ட் கழிச்சு அவங்க எங்க இருப்பாங்க, கண்ண மூடியிருப்பாங்களா, யாருக்குத் தெரியும்? இதுல டிடிஎல் (ஃப்ளாஷ் பவர கேமராவே கணக்கு போடுற மோட்) வேற இருந்தா வெளிச்சத்த அளக்க முதல்லயே ஒரு ப்ரீஃப்ளாஷ் அடிக்கும், எடுத்தாச்சுன்னு மாமா திரும்பிடுவாரு, நிஜ ஃப்ளாஷ் அவர் முதுகுல விழும் (மேனுவல்ல வச்சா இந்த தொல்லை கிடையாது). ஆடுறவங்க நாலா பக்கமும் அசையுறாங்க, கோடு முன்னாடியா பின்னாடியான்னு யாரும் பாக்கப் போறதில்ல.

ஹைஸ்பீட் சிங்க் (ரொம்ப வேகமான ஷட்டர்லயும் ஃப்ளாஷ் அடிக்குற மோட்) போடலாமேன்னா, அது பகலுக்கு. ஃப்ளாஷ் விட்டு விட்டு துடிக்கும், பவர் நல்லா குறையும், அங்க ஃப்ரீஸ் பண்றது ஷட்டர்தான்.

கோடே வேணாம், ஆள் மட்டும் ஷார்ப்பா நிக்கணுமா? அப்ப கர்ட்டன் சண்டையே வேண்டாம், இருட்டுல ஐஎஸ்ஓவ (கேமரா வெளிச்சத்த எவ்ளோ உணருதுங்குற அளவு) இறக்கி, ஃப்ளாஷ கிட்ட கொண்டுபோய் பவர குறைங்க. நிக்கான் எஸ்பி-910 ஃபுல் பவர்ல 1/880 செகண்ட் எரியும், 1/128 பவர்ல 1/38500தான், தண்ணித் துளிகூட அப்படியே நின்னுடும்.

ரியர்தான் வேணும்னு முடிவு பண்ணினா ட்ரிக்கர (கேமராவ விட்டுத் தள்ளி வச்ச ஃப்ளாஷ அடிக்க வைக்குற கருவி) பாத்து வாங்குங்க, சீப்பான சிலதுல ரியர் வேலையே செய்யாது.