புல்லா, சல்லியா, மூடாக்கா? ஊவாவின் காய்ச்சல் மாதங்களில் ஒரு முற்றத்தின் கணக்கு

இலங்கை மலையகத்தின் மேற்கே ஹட்டனிலும் மஸ்கெலியாவிலும் மழையைக் கொட்டும் அதே தென்மேற்குக் காற்று, ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கத்துச் சரிவுகளிலேயே இறக்கிவைத்துவிட்டு, வெறும் வெப்பத்தோடு ஊவாவுக்குள் இறங்குகிறது. ஹட்டன் பக்கம் குடை மடங்காத ஓகஸ்ட் மாதத்தில் பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்து முற்றங்களில் மண் வெடித்துக் கிடக்கும். காய்ச்சல் என்று நாங்கள் சொல்லும் இந்த வறட்சி தேயிலைக்கு நல்லதையும் செய்கிறது. ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கிக் கொடுப்பது ஜூலை முதல் செப்டெம்பர் வரை பறிக்கப்படும் கொழுந்துதான். வீட்டு முற்றத்துக்கு அப்படி ஒரு ஆதாயமும் கிடையாது.

நான் சில ஆண்டுகள் துபாயில் தோட்டப் பராமரிப்பு வேலை செய்து திரும்பியவன். என்னைப் போல வளைகுடாவில் புல் வெட்டியும் பேரீச்சைக்கு நீர் விட்டும் வந்தவர்கள் இங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் பலர் இருக்கிறார்கள். அங்கே ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்பது சட்டம். அந்த வெயிலிலும் முற்றத்தைக் காப்பாற்றுவதற்கென்று ஒரு தொழில்முறை உண்டு. அதை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டால் என்ன ஆகும் என்பதை என் வீட்டு முற்றத்திலேயே பார்த்துவிட்டதால், புல்தரை, சல்லிக்கல் பரப்பு, வெட்டிய புல்லாலும் இலையாலும் மண்ணை மூடும் மூடாக்கு ஆகிய மூன்றையும் ஒப்பிடத் துணிகிறேன்.

முதலில் புல்தரை. பாலைவன நகரங்களில் பணம் கொடுத்து வளர்க்கப்படும் கோடைப் புல் பெரும்பாலும் பெர்முடா புல்லே. பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். பிள்ளையாருக்குச் சாத்துவதும், மரக்கறிப் பாத்தியிலிருந்து நாம் சலித்துக்கொண்டே பிடுங்குவதுமான அறுகம்புல்தான் அது. நீர் நின்றால் பழுப்பாகி உறங்கும், நீர் கண்டால் துளிர்க்கும். 'ஆல்போல் தழைத்து அறுகுபோல் வேரோடி' என்று வாழ்த்தியவர்களுக்கு இந்தக் குணம் தெரிந்திருந்தது. ஆனால் இங்கே பலரும் கேட்டு வாங்குவது, மலேசியன் புல் என்று விற்கப்படும் அகன்ற இலைப் புல்லை. ஈரப்பதமான இடத்தில் அது அழகாகப் படரும். ஊவாவின் காய்ந்த காற்றில் மூன்று வாரம் நீர் இல்லாவிட்டால் திட்டுத்திட்டாகக் கருகிவிடும்.

கணக்கைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது ஒரு லிட்டர். ஏழு பேர்ச்சஸ் காணி ஏறத்தாழ 177 சதுர மீட்டர். வீடு, பாதை, சரிவு எல்லாம் போக முன்பக்கம் 30 சதுர மீட்டர் புல் போட்டால், நாளொன்றுக்கு நான்கு மில்லிமீட்டர் என்று சிக்கனமாக வைத்தாலும் 120 லிட்டர் வேண்டும். ஒரு வாரத்துக்கு 840 லிட்டர், அதாவது ஆயிரம் லிட்டர் தாங்கி ஒன்று கிட்டத்தட்டக் காலி. பீலியில் நூல்போல ஒழுகும் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கும் மாதத்தில் இதை எந்த முகத்தோடு செய்வது? துபாயில் பொதுத் தோட்டங்களுக்குப் பாய்வது சுத்திகரித்த கழிவுநீர். நம்மிடம் இருப்பது குடிநீர் மட்டுமே. அமெரிக்காவின் நெவாடா மாநிலமோ 2021இல் ஒரு சட்டமே இயற்றி, தனி வீடுகளை விட்டுவிட்டு, வெறும் அலங்காரத்துக்கு இருக்கும் புல்லுக்கு 2026 முடிந்தபின் கொலராடோ ஆற்று நீரைப் பாய்ச்சுவதைத் தடுத்திருக்கிறது. ஆகவே பிள்ளைகள் விளையாட ஒரு துண்டு புல் வேண்டுமென்றால் அறுகைப் போட்டு, ஓகஸ்டில் அது பழுப்பாவதைப் பொறுத்துக்கொள்வதே நியாயம்.

அடுத்தது சல்லி. பாலைவனத்தில் புல்லை எடுத்த இடத்தில் கல்லைப் பரப்புவார்கள். நீர் வேண்டாம், வெட்ட வேண்டாம். நானும் ஊர் வந்த முதல் ஆண்டே வாசலுக்குக் கீழே இருந்த சரிவில் பொலித்தீனை விரித்து, மேலே முக்கால் அங்குலச் சல்லியைக் கொட்டினேன். செப்டெம்பர் வரை பார்க்க நன்றாகவே இருந்தது. சல்லி இரவிலும் வெப்பத்தைக் கக்கும் என்று அங்கே சொல்லும் குறை, இரவில் போர்வை தேடும் நம் ஊரில் பெரிதாக உறைக்கவும் இல்லை. ஒக்டோபரில் பிற்பகல் இடி மழை தொடங்கியபோதுதான் வினை வந்தது. பொலித்தீனுக்குக் கீழே ஒரு சொட்டும் இறங்காமல் வெள்ளம் முழுவதும் மேலேயே வழுக்கி ஓடியது. இரண்டு மழையில் பாதிச் சல்லி அடுத்த வீட்டுக் கானுக்குள் போய்ச் சேர்ந்தது. அவர்கள் வீட்டுப் பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை; மறுநாள் காலையில் கொழுந்துக் கூடையில் சல்லியை அள்ளிக்கொண்டு வந்து என் வாசலில் கொட்டிவிட்டுப் போனார்.

எஞ்சியதை நீக்கிப் பொலித்தீனைத் தூக்கிப் பார்த்தபோது, அடியில் மண் சாம்பல் நிறத்தில் இறுகி, ஒரு மண்புழுகூட இல்லாமல் கிடந்தது. பாலைவனத்துக்கும் நமக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அங்கே கோடை முடிந்தால் குளிர்ச்சி வருகிறது, இங்கே காய்ச்சல் முடிந்தால் வெள்ளம் வருகிறது. மீரியபெத்தையில் மலை சரிந்தது 2014 ஒக்டோபர் 29இல் என்பதை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஓகஸ்டில் முற்றத்துக்கு எதைத் தேர்ந்தாலும், அதை ஒக்டோபர் மழையை வைத்தே மதிப்பிட வேண்டும். எனவே சரிவில் சல்லி ஆகாது. கூரைத் தண்ணீர் விழுந்து குழி பறிக்கும் இடத்தில், பொலித்தீன் இல்லாமல், ஒரு முழ அகலத்துக்குப் போட்டால் அதைவிடச் சிறந்தது வேறில்லை.

மூன்றாவதாகிய மூடாக்கு நமக்குப் புதிதன்று. தேயிலை மலையில் மானாப்புல்லையும் குவாத்தமாலாப் புல்லையும் வெட்டிப் பரப்புவதையும், கவ்வாத்து வெட்டிய வாதுகளை வெயில் சுடாமல் அடிக்கட்டைகள்மேல் போட்டு மூடுவதையும் பார்த்தே வளர்ந்தோம். பாலைவனத்தில் தோடை மரத்தின் தண்டுக்கு வெள்ளை பூசுவதும் அதே வெயிலுக்கு அஞ்சித்தான். கிளிரிசிடியா இலை விரைவில் மக்கி உரமாகும், ஆனால் ஒரு மாதம்கூட மூடி நிற்காது. சவுக்கு இலையைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். மானாப்புல் மெதுவாக மக்குவதால் காய்ச்சலைத் தாண்டி மழை வரை தாங்குகிறது. மூன்று அல்லது நான்கு அங்குலக் கனத்தில், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, தாள்கள் சரிவுக்குக் குறுக்கே கிடக்கும்படி பரப்ப வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்டால் அதன் வழியே நீர் ஓடைபோல இறங்கும். கீழ் விளிம்பில் ஒரு வரிசை வெட்டிவேர் இருந்தால் நழுவுவதும் அங்கேயே நின்றுவிடும். இதற்கும் குறைகள் உண்டு. கறையான் வரும். அதைவிடப் பெரியது தீ. ஓகஸ்டில் பத்தனை எனப்படும் மலைப் புல்வெளிகள் பற்றி எரிவதைப் பார்ப்பவர்கள், விறகடுப்புக்கும் குப்பை கொளுத்தும் மூலைக்கும் அருகில் காய்ந்த மானாவைப் போடமாட்டார்கள்.

நீர் விடுவதில் மட்டும் பாலைவனத்தின் பாடத்தை மாற்றாமல் எடுத்துக்கொள்ளலாம். அமெரிக்காவின் பாலைவன மாநிலமான அரிசோனாவில் சிறு செடிக்கு ஓர் அடி, புதருக்கு இரண்டு அடி, மரத்துக்கு மூன்று அடி ஆழம் வரை நீர் இறங்க வேண்டும் என்பார்கள். ஒரு கம்பியை மண்ணில் குத்திப் பார்த்தால் ஈரம் இருக்கும் வரை இலகுவாக இறங்கும், காய்ந்த இடத்தில் முட்டி நிற்கும். தினமும் மாலையில் குழாயால் தெளித்துவந்த ரோசாப் பாத்தியில் என் கம்பி இரண்டு அங்குலத்தில் நின்றது. ஐந்து நாளுக்கு ஒருமுறை, விடியற்காலையில், அதே அளவு நீரை மெதுவாக ஊற்றிய கொய்யா அடியில் ஓர் அடிக்கு மேல் இறங்கியது.

உரமும் கவ்வாத்தும் இந்த மாதங்களில் வேண்டாம். மழை பிடித்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது என் சரிவில் மானாப்புல்லும் வெட்டிவேரும், முன்னால் நான்கு பாய் அகலத்துக்கு அறுகும், கூரையோரத்தில் பெரியம்மா திருப்பிக் கொடுத்த சல்லியும் இருக்கின்றன. பிள்ளையார் சதுர்த்திக்கு அவர் அறுகு பறிக்க வருவது எங்கள் முற்றத்துக்குத்தான்.