முதலில் கில்லியா, டெரபிதியாவா?

11, 12 வயதுப் பிள்ளைக்கு அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் கேத்தரின் பேட்டர்சனின் நாவல்களில் எதை முதலில் கொடுக்கலாம் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் 1977இல் வெளியான 'பிரிட்ஜ் டு டெரபிதியா'. சிறுவர் நூல்களுக்கான அமெரிக்க விருதான நியூபெரி பதக்கம் பெற்றது, 2007இல் திரைப்படமாகவும் வந்தது. என் ஓட்டு அதற்கு அடுத்த வருடம் வந்த 'தி கிரேட் கில்லி ஹாப்கின்ஸ்' நாவலுக்கு.

டெரபிதியா சாதாரணப் புத்தகம் இல்லை. பேட்டர்சனின் மகனுடைய தோழி மின்னல் தாக்கி இறந்துபோனாள். அந்தத் துக்கத்தில் எழுதிய கதை இது. வர்ஜீனியா கிராமத்துச் சிறுவன் ஜெஸ்ஸும் புதிதாகக் குடிவந்த சிறுமி லெஸ்லியும் ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கற்பனை ராஜ்ஜியம் அமைக்கிறார்கள். ஒருநாள் பாட்டு டீச்சர் ஜெஸ்ஸை வாஷிங்டன் ஓவியக்கூடத்துக்குக் காரில் கூட்டிப்போகிறார். லெஸ்லியையும் அழைக்கச் சொல்லியிருக்கலாமே என்பது கிளம்பிய பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. ஆனால் டீச்சரோடு தனியாகப் போவதில் உள்ளுக்குள் ஒரு ரகசிய சந்தோஷம். அவன் வீடு திரும்பும்போது லெஸ்லி உயிரோடு இல்லை. ஓடையைத் தாண்டும் கயிறு அறுந்துவிட்டது. ஜெஸ் எந்தத் தப்பும் செய்யவில்லை, ஆனாலும் அந்தச் சின்ன சந்தோஷம் படிக்கிறவர்களையே குத்தும். பேச்சுத் துணைக்கு ஆள் இல்லாத பிள்ளையிடம் இதைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

கில்லிக்கு நடப்பது வேறு. பேட்டர்சன் கம்போடியச் சிறுவர்கள் இருவரைக் கொஞ்ச காலம் வளர்ப்புத் தாயாகப் பார்த்துக்கொண்டவர். அந்த அனுபவம்தான் நாவலுக்கு வித்து. வளர்ப்பு வீடுகள் மாறி மாறி வந்த 11 வயதுக் கில்லியிடம் வாய்த்துடுக்கு, திருட்டு, கறுப்பினத்தவர் மேல் வெறுப்பு எல்லாம் உண்டு. இப்போது அவளை வளர்க்கும் ட்ராட்டர் அம்மாவின் வீட்டைப் பற்றி இல்லாததும் பொல்லாததும் சேர்த்து, பெற்றவளுக்கு ஒரு கடிதம் போடுகிறாள். அதே வீடு மெல்ல மெல்ல அவளுக்குப் பிடித்துப்போகிறது. சரியாக அப்போது, அந்தக் கடிதத்தின் விளைவாக, அதுவரை பார்த்தேயிராத பாட்டி வாசலில் வந்து நிற்கிறார். அவரோடுதான் இனி போயாக வேண்டும். இந்த இழப்பு அவள் கையாலேயே வந்தது. அதனால்தான் பிள்ளைகள் இந்தக் கதையோடு சண்டை போட முடிகிறது: ஏன் எழுதினாள், ட்ராட்டர் ஏன் விட்டுக்கொடுத்தார்? கில்லியின் வெறுப்புப் பேச்சைப் பற்றி மட்டும் பெரியவர்கள் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடலாம்.

இரண்டாவது நியூபெரியைப் பெற்றுத்தந்த 'ஜேக்கப் ஹேவ் ஐ லவ்டு' (1980) இரட்டைச் சகோதரிகளின் கதை. அதை 14 வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன் கொடுத்தால், தங்கை மேல் அக்கா லூயிஸுக்கு இருக்கும் கசப்பு வெறும் பொறாமையாகத்தான் தெரியும்.