இரண்டாவது ஜிப்: வேர்ட்பிரஸ் தீம் கட்டித் தர மூன்று வழிகள்

கொடைக்கானலில் விடுதிகளுக்கும் மலைப்பூண்டு விற்பவர்களுக்கும் வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் இணையத்தளம் செய்து கொடுப்பது என் பிழைப்பு. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கோப்புகளின் தொகுப்புதான் தீம். முழுத் தீம் ஒன்றைப் பழைய பாணியில் நாமே எழுதலாம். யாரோ எழுதிய தாய் தீமுக்கு மேல், நம் மாற்றங்கள் மட்டும் உள்ள சைல்டு தீம் போடலாம். இல்லையென்றால் பிளாக் தீம்: பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் துண்டு துண்டாக, தளத்திலேயே திருத்தக்கூடியதாக இருக்கும். எதுவானாலும் கடைசியில் தளத்தில் ஏற்றுவது ஒரு ஜிப் கோப்புதான். முதல் ஜிப் ஏற்றும்போது மூன்றும் நல்ல பிள்ளைகள். திருத்தத்தோடு இரண்டாவது ஜிப் போகும்போதுதான் சுயரூபம் தெரியும்.

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிறவர்களுக்கு இ-பாஸ் வந்தது. அந்த வாரம் விடுதிக்காரர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே: தளத்தின் உச்சியில் ஒரு வரி அறிவிப்பு. ஒரே வேலை, மூன்று வகைத் தீம். ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

பெருமாள்மலைப் பக்கம் ஒரு விடுதிக்கு நான் முழுதாக எழுதிய தீம். வரியைச் சேர்த்து, நிரலைச் சேமித்து வைக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து அப்படியே ஜிப்பை இறக்கி ஏற்றினேன். பத்து நிமிடத்தில் விடுதிக்கார அக்கா அழைத்தார். “தம்பி, மேல இருந்த மலைப் படம் எங்க போச்சு?” தப்பு என்னுடையது. களஞ்சியத்திலிருந்து இறக்கும் ஜிப்பில் கோப்புறைப் பெயரின் வாலில் ‘-மெயின்’ என்று ஒட்டிக்கொண்டு வரும். வேர்ட்பிரஸுக்குத் தீமின் அடையாளமே கோப்புறைப் பெயர்தான். வால் முளைத்ததும் இது வேறு தீம் என்று நினைத்துப் பக்கத்தில் புதிதாக நிறுவிவிட்டது; நானும் கவனிக்காமல் ஆக்டிவேட் செய்துவிட்டேன். கஸ்டமைசர் என்ற அமைப்புப் பக்கத்தில் வைத்த ஹெடர் (உச்சிப் பகுதி) படமும் கூடுதல் சிஎஸ்எஸ் (தோற்ற விதிகள்) வரிகளும் பழைய பெயரின் கணக்கில் தரவுத்தளத்தில் பத்திரமாகத்தான் இருந்தன. பழைய தீமுக்குத் திரும்பியதும் வந்துவிட்டன. பெயர் மாறாத ஜிப்பாக இருந்தால், 5.5 பதிப்பு முதல், இருப்பதையும் வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டி ‘மாற்றட்டுமா’ என்று கேட்கும். அந்தக் கேள்வி வரவில்லை என்றால் அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும்.

இந்த வழியில் எல்லாம் நம் கையில். பாதுகாப்புக் கோளாறு வந்தாலும் நம் தலையில். இன்னொன்று: கோப்புறைக்குப் பொதுவான பெயர் வைத்தால், அதே பெயரில் வேர்ட்பிரஸ்.ஆர்க் என்ற அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள வேறொரு தீமின் அப்டேட் வந்து நம்முடையதை விழுங்கிவிடலாம். ஸ்டைல்.சிஎஸ்எஸ் தலைப்பில் ‘அப்டேட் யூஆர்ஐ’ வரி எழுதினால் இதைத் தடுக்கலாம். தீம்களுக்கு இது 6.1-இல் வந்தது.

சைல்டு தீம் சாது. ஸ்டைல்.சிஎஸ்எஸ், ஃபங்ஷன்ஸ்.பிஎச்பி, மாற்ற வேண்டிய ஒன்றிரண்டு கோப்புகள். ஜிப் சில கேபிதான். மழை நாளில் சிக்னல் ஒரு கோடு காட்டும்போதும் ஏறிவிடும். ஆனால் தாய் தீம் அங்கே இருக்க வேண்டும். வேர்ட்பிரஸ்.ஆர்க்கில் உள்ள இலவசத் தீம் என்றால் தானே இறக்கிக்கொள்ளும். காசு கொடுத்து வாங்கியது என்றால் நாம்தான் முதலில் ஏற்ற வேண்டும். அறிவிப்பு வரிக்காக ஹெடர்.பிஎச்பியை நகலெடுத்தோமா, அன்றோடு அது உறைந்துவிடும். தாய் தீமில் அந்தக் கோப்பை எத்தனை முறை திருத்தினாலும் நம் நகலுக்கு அது வராது. அதனால் கோப்பை நகலெடுக்காமல் ஹுக் (தீம் நம் நிரலைக் கூப்பிட விட்டுவைக்கும் கொக்கி) வழியாகச் சேர்ப்பதே என் வழக்கம்.

பிளாக் தீம்தான் ஆளைக் குழப்பும். 2022 ஜனவரியில் 5.9 வந்ததிலிருந்து விடுதிக்காரரே சைட் எடிட்டர் என்ற திருத்தும் திரையில் ஹெடரைத் திருத்தலாம். பூம்பாறையில் ஒரு அண்ணன் அப்படித்தான் தொலைபேசி எண்ணை மாற்றியிருந்தார். நான் அனுப்பிய ஜிப் ஒழுங்காக ஏறியது, பதிப்பு எண்ணும் மாறியது, இ-பாஸ் வரியை மட்டும் காணோம். பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக் காட்டும் கேச்சைக் கழுவிக் கழுவிப் பார்த்தேன். விஷயம் அதுவல்ல. அவர் ‘சேமி’ அழுத்திய கணமே அந்த ஹெடரின் பிரதி தரவுத்தளத்துக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு கோப்பில் இருக்கும் ஹெடரை வேர்ட்பிரஸ் எட்டியே பார்ப்பதில்லை. ரீசெட் செய்தால் என் வரி வரும், அவர் எண் போய்விடும். இப்போதெல்லாம் முதலில் அவர் தளத்திலிருந்து எக்ஸ்போர்ட் (அவர் மாற்றங்களும் சேர்ந்த தீம் பிரதி) எடுத்து, அதன்மேல் என் மாற்றத்தைச் செய்து, பிறகுதான் ஜிப் கட்டுகிறேன். அதை ஏற்றியபின் ரீசெட் செய்தால் இரண்டும் நிற்கும். எக்ஸ்போர்ட் வசதி சைட் எடிட்டரிலேயே இருக்கிறது. தமிழ் எழுத்துருவைத் தீமுக்குள்ளேயே வைத்து, தீம்.ஜேசன் என்ற அமைப்புக் கோப்பில் குறிப்பிடுவதும் இதில் சுலபம். வோஃப்2 என்ற சுருக்கிய எழுத்துரு வடிவில் வைத்தால் எடை குறையும். ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸ் ஓடும் பிஎச்பி மொழியின் அப்லோடு வரம்பு இயல்புநிலையான 2 எம்பியிலேயே நின்றால் அதுவும் முக்கியம்தான்.

சரி, எதை எடுப்பது? உரிமையாளர் தானே கை வைப்பார் என்றால் பிளாக் தீம், மேலே சொன்ன எக்ஸ்போர்ட் ஒழுக்கத்தோடு. காசு கொடுத்து வாங்கிய தீம் ஏற்கெனவே இருக்கிற கடைகளுக்குச் சைல்டு. பழைய பாணி முழுத் தீம் என்றால், நான் மட்டுமே தொடும் தளங்களைத் தவிர வேறு எதற்கும் புதிதாக எழுதுவதில்லை.

அந்த இ-பாஸ் வரி தீமுக்குள் போயிருக்கவே கூடாது. அப்புறம் அதை ஒரு குட்டி பிளகினாக்கி (தீமைச் சாராத தனி நிரல்) மூன்று வகைத் தளங்களிலும் போட்டுவிட்டேன். மிகப் பழைய தீம் ஒன்றில் மட்டும் தெரியவில்லை. பக்கத்தின் உச்சியில் பிளகின்களுக்கு இடம் தரும் டபிள்யூபி_பாடி_ஓப்பனை அது அழைப்பதே இல்லை. ஒரு வரி சேர்த்தேன், ஜிப் கட்டினேன். இந்த முறை கோப்புறைப் பெயரைப் பார்த்துவிட்டுத்தான்.