“காம்பர் வானுக்கென்றே வந்தது” என்று விற்கப்படும் கமரா பூட்டிய ஜீ.பி.எஸ். கருவி: வாங்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வழிகாட்டும் ஜீ.பி.எஸ். திரையும் முன்வீதியைப் பதிவுசெய்யும் டாஷ் கமராவும் ஒரே பெட்டிக்குள் அமைந்த ஏழு அங்குலக் கருவியொன்றை, யாழ்ப்பாண நகரில் வாகன அலங்காரப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் 68,000 ரூபா கொடுத்து வாங்கினேன். வழிகாட்டல், பதிவு, உத்தரவாதம் என்று கடைக்காரர் சொன்ன மூன்றில் ஒன்றுகூட உண்மையாக இருக்கவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. அதே பெட்டி வேறு வேறு பெயர் ஒட்டி இணைய விளம்பரங்களிலும் விற்கப்படுவதைப் பின்னர் கண்டேன். ஆகவே கடையின் பெயரைவிட, ஏமாற்று எந்த இடங்களில் ஒளிந்திருந்தது என்பதே படிப்பவர்களுக்குப் பயன்படும்.

எங்களுடைய காம்பர் வான், அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்க மாற்றியமைத்த வாகனம், உயர்ந்த கூரையுள்ள கேடிஎச் வான். பின்னிருக்கைகளைக் கழற்றிப் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, மின்விசிறிக்கென இரண்டாவது பற்றரி ஆகியவற்றைப் பொருத்தியிருக்கிறோம். கூரைப் பெட்டியையும் சேர்த்தால் உயரம் இரண்டரை மீற்றரைத் தாண்டும். லண்டனில் காம்பர் வான் வைத்திருக்கும் என் அத்தான், வாகனத்தின் உயரத்தையும் அகலத்தையும் பதிந்தால் தாழ்ந்த பாலங்களைத் தவிர்த்து வழி சொல்லும் கருவியொன்றைப் பாவிக்கிறார். அதைப் பற்றி நான் கடையில் வாயெடுத்ததுதான் தாமதம், “அண்ணை, லண்டனிலை காம்பர் வான் ஓடுற ஆக்கள் எல்லாம் இதைத்தான் பூட்டுகினம்” என்று சொல்லிக் கடைக்காரர் இந்தப் பெட்டியை எடுத்து வைத்தார்.

கடையில் அவர் காட்டிய செய்முறை நேர்த்தியானது. மின்னிணைப்பைக் கொடுத்ததும் திரை பளிச்சென்று ஒளிர்ந்தது, கமராவை வீதிப் பக்கம் திருப்பிப் படத்தைக் காட்டினார், 128 ஜீ.பி. என்று அச்சிட்ட மெமறி காட் ஒன்றைத் தாமே உறை பிரித்துச் செருகி, சில நிமிடம் பதிவுசெய்து, அதை ஓட்டியும் காட்டினார். செய்மதிச் சமிக்ஞை கட்டடத்துக்குள் பிடிக்காது என்றார், அது உண்மைதான். ஆனால் அந்த உண்மையின் நிழலில், வழிகாட்டும் பகுதியைச் சோதிக்காமலே பணம் கைமாறியது. பற்றுச்சீட்டில் “ஜீபிஎஸ் கமரா 1, ஒரு வருட வொறண்டி” என்று மட்டும் எழுதப்பட்டது. தயாரிப்புப் பெயரையும் மாதிரி இலக்கத்தையும் எழுதச் சொன்னபோது, “அது பெட்டியிலை இருக்கு” என்று பதில் வந்தது.

முதற் பயணம் மன்னார்ப் பக்கம் உள்ள திருக்கேதீச்சரக் கோயிலுக்கு. நாவற்குழியில் ஏ-32 வீதிக்குத் திரும்பிய உடனேயே கருவி முரண்டு பிடித்தது. சாவகச்சேரி, ஆனையிறவு, பரந்தன் என்று சுற்றிப் பூநகரிக்குப் போகும்படி வழிகாட்டிய அதன் குரல், நாங்கள் கேரதீவை நெருங்க நெருங்க “திரும்பிச் செல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது. சங்குப்பிட்டிப் பாலத்தில் ஏறியதும் திரையில் வீதி முடிந்துபோய், எங்கள் வாகனத்தைக் காட்டும் சிவப்பு அம்புக்குறி நீரேரியின் நீல நிறத்தின் மீது தனியாக நகர்ந்தது. பின்னாலிருந்த பிள்ளைகளுக்கு அது நல்ல வேடிக்கை. அந்தப் பாலம் திறக்கப்பட்டது 2011 ஜனவரியில். கருவியின் விபரப் பக்கத்திலோ வரைபடம் 2024 ஆம் ஆண்டுக்குரியது என்று இருந்தது. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தபோது, 2011 நவம்பரில் திறந்த தெற்கு அதிவேக வீதியும், 2022 ஜனவரியில் திறந்த மீரிகம–குருணாகல் அதிவேக வீதிப் பகுதியும் அதில் இல்லை. யாரோ ஒருவர் பழைய வரைபடமொன்றை உரிமமின்றிப் படியெடுத்து, ஆண்டை மட்டும் மாற்றி ஏற்றியிருக்கிறார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை. “வாழ்நாள் முழுவதும் இலவச வரைபடப் புதுப்பிப்பு” என்று பெட்டியில் அச்சிட்டிருந்த வாக்குறுதியைச் சுட்டிக்காட்டியபோது, புதுப்பிப்பு ஏற்றுவதற்கு 4,500 ரூபா “வேலைக் கூலி” கேட்கப்பட்டது.

வாகன உயரம் பற்றிய வாக்குறுதியும் இதே தரத்தில்தான் இருந்தது. உயரம், அகலம், நிறை ஆகியவற்றைப் பதியும் பக்கம் ஒன்று கருவியில் உண்டு. உயரத்தைப் பத்து மீற்றர் என்று பதிந்து பார்த்தேன். வழியில் ஒரு வளைவுகூட மாறவில்லை. இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கார்மின் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்கள் காம்பர் வான்களுக்கெனத் தனிக் கருவிகள் செய்வது உண்மை. ஆனால் பாலத்தின் உயரமும் வீதியின் நிறைக் கட்டுப்பாடும் அந்தந்த நாட்டு வரைபடத்தில் பதியப்பட்டிருந்தால் மாத்திரமே அவற்றாலும் வழியை மாற்றித்தர முடியும். ஐரோப்பிய வரைபடத்தோடு விற்கப்படும் கருவியை அத்தான் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தாலும், அது யாழ்ப்பாணத்தில் தானாக வழி சொல்லப்போவதில்லை. எனவே, உள்ளூரில் ஒருவர் “காம்பர் வானுக்கென்றே” என்று சொல்லி விலையைக் கூட்டினால், அந்தக் கூடுதல் விலை எதற்கு என்று கேட்பதில் தவறில்லை.

பழைய வரைபடத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எனக்கு மன்னார் வீதி தெரியும். பொறுக்க முடியாதது கமராவின் கதை. திரும்பி வரும் வழியில் எரிபொருள் நிரப்ப நின்றபோது, முன்னால் நின்ற மணல் டிப்பர் ஒன்று பின்னுக்கு வந்து எங்கள் வானின் முகப்பை நெரித்து, இடப்பக்க விளக்கையும் உடைத்தது. சாரதி இறங்கிவந்து, நாங்கள்தான் வந்து முட்டினோம் என்று சாதித்தார். கமரா இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் சத்தம் போடாமல் இருந்தேன். அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போன பின்னர் மெமறி காட்டைத் திறந்தால், அந்த நேரத்துக்குரிய கோப்பு பெயரோடும் அளவோடும் வரிசையில் இருக்கிறது, தொட்டால் ஓடவில்லை. அதற்கு முன்னும் பின்னும் இருந்த கோப்புகளும் அப்படியே. ஓடியவை அன்று காலையில் வீட்டிலிருந்து புறப்பட்ட முதல் ஒரு மணித்தியாலத்துக்குரியவை மட்டுமே.

காரணத்தை என் பெறாமகன் தன் மடிக்கணினியில் கண்டுபிடித்தான். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள், காட் நிரம்பும்வரை தரவை எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும். 128 ஜீ.பி. என்று தன்னை அறிவித்துக்கொண்ட அந்தக் காட்டில் உண்மையாக இருந்தது 8 ஜீ.பி.க்கும் குறைவு. இத்தகைய போலிக் காட்டுகளில், உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு பொய்யான கொள்ளளவைச் சொல்லும்படி மாற்றி எழுதப்பட்டிருக்கும். உண்மையான இடம் முடிந்த பிறகும் அது எழுத மறுக்காது. வருவதை வாங்கிக்கொண்டு, கோப்பின் பெயரை மட்டும் பதிந்துவிட்டு, உள்ளடக்கத்தைக் கைவிடும் அல்லது பழையதன் மேல் எழுதிவிடும். டாஷ் கமராக்கள் இடம் நிரம்பினால் மிகப் பழைய கோப்பை அழித்துப் புதியதை எழுதும் சுழற்சி முறையில் இயங்குபவை. ஆனால் இடம் இன்னும் தாராளமாக இருக்கிறது என்று காட் பொய் சொல்லும்போது, எதையும் அழிக்க வேண்டிய தேவை கமராவுக்குத் தெரிவதில்லை. நிமிடத்துக்கு நூற்றைம்பது மெகாபைட் அளவில் பதிவாகும்போது 8 ஜீ.பி. ஒரு மணித்தியாலத்துக்குள் தீர்ந்துவிடும். கடையில் காட்டப்படும் சில நிமிடச் சோதனை எப்போதுமே வெற்றிபெறுவதன் இரகசியம் இதுதான்.

ஓடிய கோப்புகளும் மெச்சும்படி இல்லை. பெட்டியில் 4கே என்று போட்டிருக்கிறது. கோப்பின் அளவும் 3840க்கு 2160 என்றே காட்டுகிறது. ஆனால் நாவற்குழியில் எங்களுக்கு முன்னால் நின்ற பேருந்தின் மஞ்சள் இலக்கத்தகட்டில் எழுத்தும் எண்ணும் கரைந்த கறுப்புத் தீற்றல்களாகத்தான் தெரிகின்றன. கமராவுக்குள் ஒளியை வாங்கும் சிறிய உணரி எடுத்த படத்தை மென்பொருளால் இழுத்துப் பெரிதாக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை கூடும், விபரம் கூடாது. புள்ளிகள் குறைந்த, ஆனால் உண்மையான 1080பி கமரா ஒன்று இதைவிடத் தெளிவாகப் பதியும்.

இன்னொரு குறை சிறியதாகத் தோன்றினாலும், இந்தப் பெட்டியின் உண்மையான இலட்சணத்தை அதுவே காட்டிக்கொடுத்தது. பதிவுகளில் இருந்த திகதி பல ஆண்டுகள் பிந்தியிருந்தது. நான் சரிசெய்தாலும், வாகனத்தை நிறுத்தி மின்சாரம் போனதும் பழையபடி மாறிவிட்டது. ஜீ.பி.எஸ். செய்மதிகள் அனுப்புவதே துல்லியமான நேரத்தைத்தான். இடத்தைக் கணிப்பதும் அந்த நேரத்தை வைத்துத்தான். செய்மதியோடு தொடர்புள்ள கமரா தன் கடிகாரத்தைத் தானே திருத்திக்கொண்டு, இடத்தையும் வேகத்தையும் பதிவின் ஓரத்தில் எழுத வேண்டும். வழிகாட்டியையும் கமராவையும் ஒரே பெட்டியில் வாங்குவதற்குக் கண்ணாடியில் ஒரு வயர் குறைவது ஒரு காரணம் என்றால், இது அதைவிடப் பெரிய காரணம். என் பெட்டியில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் பேச்சுவார்த்தையில்லாமல் வாழும் சகோதரர்களாக இருந்தன. இலங்கையில் ஒலி, ஒளிப் பதிவுகளைச் சாட்சியமாக ஏற்பதற்கு 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் இடமளிக்கிறது. ஆனால் திகதியே பிழையான பதிவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் எதிர்த்தரப்புச் சட்டத்தரணிக்கு வேலை இலகுவாகிவிடும்.

பிறகு வெயில். நிறுத்திய வாகனத்தின் முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வைகாசி மதியத்தில் எவ்வளவு சூடேறும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். லித்தியம் பற்றரியை 45 பாகை செல்சியசுக்கு மேல் மின்னேற்றக் கூடாது என்பது பொதுவான விதி. உள்ளிருந்த பற்றரி ஊதி, திரையின் ஒரு பக்கம் சட்டத்தை விட்டு எழும்பியது. பற்றரிக்குப் பதிலாக, சூட்டைக் கூடுதலாகத் தாங்கும் மின்தேக்கி (கப்பாசிட்டர்) வைத்த டாஷ் கமராக்கள் சந்தையில் இருப்பது இதனால்தான்.

கடைக்காரரின் பதில் முதலில், “சாமானிலை பிழை இல்லை அண்ணை, காட்தான் பழுது. காட்டுக்கு வொறண்டி இல்லை” என்பதாக இருந்தது. காட்டைச் செருகியவரே அவர்தான். பற்றரி ஊதியதைக் காட்டியபோது, கொழும்பிலிருந்து நிறுவனத்தின் ஆள் வந்து பார்ப்பார் என்றார். அடுத்த கிழமை என்றது அடுத்த மாதமானது. பொங்கிவந்த கோபத்தை அடக்கிக்கொண்டு நானும் போய் வந்தேன். இந்த இழுத்தடிப்பைச் சோம்பல் என்று எண்ணிவிட வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி, பொருள் வாங்கிய 3 மாதங்களுக்குள் அந்த அதிகாரசபைக்கு எழுத்துமூலம் முறைப்பாடு கொடுக்க வேண்டும். அந்தக் காலம் கடக்கும்வரை வாடிக்கையாளரை இனிமையாகப் பேசி அனுப்பிக்கொண்டிருந்தால், பிறகு அவர் கையில் எஞ்சுவது வெறும் வாய்த்தர்க்கம். இதை எனக்குச் சொன்னவர் ஓய்வுபெற்ற அயலவர் ஒருவர். காலம் முடிவதற்குச் சற்று முன்னதாக முறைப்பாட்டைக் கையளித்தேன். உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்பது அந்தச் சட்டத்தின் கீழ் முறைப்பாட்டுக்குரியது. கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பதும் வியாபாரியின் கடமை.

இப்போது வாங்க நிற்பவர்கள் பணத்தைக் கொடுப்பதற்கு முன் கருவியைக் கடைக்கு வெளியே, திறந்த வானத்தின் கீழ் கொண்டுபோகக் கேளுங்கள். சில நிமிடத்தில் செய்மதிகளைப் பிடித்து, நேரத்தைத் தானாகத் திருத்துகிறதா என்று பாருங்கள். வரைபடத்தில் சங்குப்பிட்டிப் பாலத்தையும் மீரிகம–குருணாகல் அதிவேக வீதியையும் தேடுங்கள். பத்து மீற்றர் தள்ளி நிற்கும் வாகனத்தின் இலக்கத்தகட்டைப் பதிந்து, பெரிதாக்கி வாசித்துப் பாருங்கள். கருவியோடு இலவசமாகத் தரும் காட்டை ஒதுக்கிவைத்து, தொடர்ந்து எழுதுவதற்கென்று செய்யப்பட்ட ஹை எண்டியூரன்ஸ் வகைக் காட்டை நம்பகமான இடத்தில் தனியாக வாங்கி, அதையும் மடிக்கணினியில் சோதியுங்கள். வெளியே கொண்டுபோக விடமாட்டேன் என்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

என்னைக் கேட்டால், இலங்கைக்குள் ஓடும் காம்பர் வானுக்கு இந்த இரட்டைக் கருவியே தேவையில்லை. ஓஎஸ்எம்ஆண்ட், ஓர்கானிக் மப்ஸ் போன்ற செயலிகள், தன்னார்வலர்கள் திருத்தும் ஓப்பன்ஸ்ட்ரீட்மப் வரைபடத்தைக் கைத்தொலைபேசியில் முன்கூட்டியே இறக்கிவைத்து, இணையமில்லாத இடத்திலும் காசில்லாமல் வழி சொல்கின்றன. கமராவை மின்தேக்கியுள்ளதாகத் தனியாகப் பூட்டினால், ஒன்று பழுதானாலும் மற்றது ஓடும். வாகனம் நிற்கும்போதும் பதிய விரும்பினால், மின்னழுத்தம் குறைந்ததும் தானாகத் துண்டிக்கும் இணைப்பைப் போட்டு, இயந்திரத்தைக் கிளப்பும் பற்றரியில் கைவைக்காமல் இரண்டாவது பற்றரியிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்; என் வானில் கடைப் பையன் செய்தது இதற்கு நேர்மாறு.

இதே போன்ற பெட்டியை வாங்கி இன்னும் 3 மாதம் ஆகாதவர்கள், காட்டை அழித்து மீளமைக்காமல் அப்படியே கழற்றி உறையிலிட்டு, பற்றுச்சீட்டையும் பெட்டி அட்டையில் அச்சிட்டிருக்கும் வாக்குறுதிகளையும் படமெடுத்து வைத்துக்கொண்டு, தங்கள் முறைப்பாட்டைத் தனியாகக் கொடுக்கலாம். அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977.