அலாய் வீல் போடப் போகிறீர்களா? டயரில் இருக்கும் எண்ணைப் படிக்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்

கோவையில் ஒரு கடை. புகார் நடந்துகொண்டிருப்பதால் பெயர் போடவில்லை. ஆனால் அங்கே நடந்தது எந்த ஊரிலும் நடக்கும், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வண்டி 2019 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. கம்பெனியிலிருந்து வந்தது இரும்பு ரிம், 165/80 ஆர்14 டயர். 16 அங்குல அலாய் வேண்டும், டயர் 195/55 ஆர்16 தான் வேண்டும் என்று சொல்லி, முன்பணம் கட்டி, அந்த அளவைத் துண்டுச்சீட்டில் எழுதியும் வாங்கினேன். காலையில் வண்டியை விட்டுவிட்டுச் சாயங்காலம் போனால் மாட்டியிருந்தது 205/60 ஆர்16. கேட்டதும் கடைக்காரர் கொஞ்சமும் அசரவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானுங்க சார், ரிம்மு பதினாறுதானே. இது இன்னும் அகலம், ரோட்டை நல்லாப் புடிக்கும், வண்டியும் உயரமா நிக்கும், ஒண்ணும் ஆகாதுங்க." மாற்றிக் கொடுங்கள் என்றால், ரிம்மில் ஏற்றிய டயரை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்கிறார். என் பழைய சக்கரங்கள் நாலும் எக்ஸ்சேஞ்ச் என்று சொல்லி அதற்குள் கைமாறிப் போய்விட்டன. வீட்டுக்கு வர வேண்டுமென்றால் அவர் மாட்டியதில்தான் வர வேண்டும். இது தெரியாமல் நடந்ததில்லை, நான் கேட்ட அளவு அன்றைக்கு அவரிடம் இல்லை, இருந்ததை ஏற்றிவிட்டார், அவ்வளவுதான்.

இரண்டும் ஒன்றா என்பதை யார் வேண்டுமானாலும் போனில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. கடைசி எண் ரிம், அங்குலத்தில். என் பழைய டயரில் 165-ல் 80 சதவீதம் 132, மேலும் கீழுமாக இரண்டு தடவை வருவதால் 264, அதோடு 14 அங்குலம் என்கிற 355.6. மொத்தம் 619.6 மில்லிமீட்டர் விட்டம். நான் கேட்ட 195/55 ஆர்16 இதே கணக்கில் 620.9, கிட்டத்தட்ட அதேதான். அவர் மாட்டியது 652.4. ஐந்து சதவீதத்துக்கும் மேல் பெரிய சக்கரம். பொதுவாக மூன்று சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பார்கள், நல்ல கடைக்காரர்கள் ஒரு சதவீதத்துக்கே யோசிப்பார்கள்.

வண்டி உயரமாக நிற்கும் என்று அவர் சொன்னது உண்மை, ஒன்றரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் ஏறியிருந்தது. அதற்குக் கொடுத்த விலையைத்தான் அவர் சொல்லவில்லை. ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது முன்பு ஓடியதைவிட நாலு கிலோமீட்டர் கூடுதலாக ஓடுகிறது. ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துக் காட்டும், மைலேஜ் கணக்கும் தப்பு. சக்கரம் பெரிதானதால் ஏற்றத்தில் இழுவை குறைந்துவிட்டது, இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் முதல் கியர் தேவைப்பட்டது.

நான் நிஜமாகப் பயந்தது வால்பாறை ரோட்டில். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள், பின்சீட்டில் அம்மா, அக்கா, பிள்ளைகள், டிக்கி நிறையச் சாமான். ஸ்டீயரிங்கை முழுசாக ஒடிக்கும் ஒவ்வொரு வளைவிலும் முன்சக்கரம் அதைச் சுற்றி உள்பக்கம் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்பான லைனரில் உரசி 'கர்ர்' என்று ஒரு சத்தம். காலி வண்டியில் ஊருக்குள் ஓட்டும்போது கேட்டதே இல்லை, பாரம் ஏறி ஸ்பிரிங் அமுங்கியதும்தான் கேட்டது. தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: கடை வாசலில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்ப்பது சோதனையே இல்லை. நாலு பேரை ஏற்றி இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்துப் பாருங்கள், ஒரு வேகத்தடை மேலும் ஏற்றி இறக்குங்கள்.

திரும்பி வந்ததும் வேறொரு அலைன்மென்ட் கடையில் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். லைனர் தேய்ந்து ஓட்டை விழப் போகும் நிலை. அதைவிட மோசமானது நட். மாருதி போல்ட் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஹூண்டாய், ஹோண்டா, டொயோட்டாவுக்கெல்லாம் 1.5. அலாயோடு வந்த 1.5 நட்டை ஏர் கன் வைத்து முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள். கழற்றியவர் "மரையே செத்துப்போச்சுங்கண்ணா" என்று கையில் காட்டினார். இரண்டு போல்ட்டை அடித்து எடுத்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று. அந்தச் சக்கரத்தோடுதான் குடும்பத்தை மலை ஏற்றி இறக்கியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் உடம்பு பதறுகிறது. நட்டை முதலில் கையால் திருக வேண்டும், கையால் சுலபமாக ஏறவில்லை என்றால் அது உங்கள் வண்டிக்கான நட் இல்லை.

அப்புறம் 90-க்கு மேல் ஸ்டீயரிங் நடுங்கிக்கொண்டிருந்தது, நான் பேலன்ஸிங் குறை என்றே நினைத்திருந்தேன். ஸ்விஃப்ட்டின் ஹப், அதாவது சக்கரத்தின் நடு ஓட்டை போய் உட்காரும் பகுதி, 54.1 மில்லிமீட்டர், இந்த ரிம்மின் நடு ஓட்டை 73.1. எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகச் செய்கிறார்கள், அதில் தப்பில்லை, இடைவெளியை அடைக்க ஹப் ரிங் போட வேண்டும். ஒன்றுகூடப் போடவில்லை, நடுக்கம் அதனால்தான்.

டயரும் புதிது இல்லை. பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையின் கடைசி நாலு எண்தான் தயாரித்த வாரமும் வருடமும். என்னுடையதில் 3120, அதாவது 2020-ன் 31-வது வாரம். நான் வாங்கியது 2024-ல், புதுசு விலையில். இந்த எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் முழுசாக இருக்கும், அந்தப் பக்கத்தை உள்ளே பார்க்கும்படி மாட்டிவிட்டால் வெளியில் நிற்பவருக்குத் தெரியாது. எனக்கு நாலும் அப்படித்தான் மாட்டியிருந்தது.

ஸ்டெப்னியை யாரும் நினைப்பதில்லை. டிக்கியில் இருப்பது பழைய 14 அங்குலம், மற்றவை அதைவிட 33 மில்லிமீட்டர் பெரியவை. பஞ்சராகி முன்பக்கம் மாட்டினால் ஒரே ஆக்ஸிலில் இரண்டு அளவு, பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸின் சென்சாருக்கு இரண்டு வேகம், இரு பக்கச் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் டிஃபரென்ஷியல் ஓய்வே இல்லாமல் சுற்றும். சரியான விட்டத்தில் டயர் போட்டிருந்தால் இந்தப் பிரச்சினையே வராது, இரும்பு ரிம்முக்கான நட்டை மட்டும் டிக்கியில் வைத்திருந்தால் போதும்.

ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்கள் குழம்பவே வேண்டாம். என் வண்டியின் தலைமுறையில் உயர்ந்த வேரியன்ட்டான இசட்எக்ஸ்ஐ-க்குக் கம்பெனியே 185/65 ஆர்15 கொடுத்தது, விட்டம் 621.5. எந்த வண்டியானாலும் அதே மாடலின் உயர்ந்த வேரியன்ட்டில் என்ன அளவு வருகிறது என்று முதலில் பாருங்கள். சுமை எண்ணையும் விடாதீர்கள். என் பழைய டயரில் 85, அதாவது ஒரு டயர் 515 கிலோ தாங்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று 195/45 ஆர்16 காட்டுவார்கள், விட்டம் 582 தான், சுமை எண்ணும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். நம் ஊர்ப் பள்ளத்தில் ஒரு தடவை இறங்கினால் ரிம் வளைந்துவிடும்.

ஐம்பதாயிரத்துக்கு மேல் போய்விட்டது. கடைக்காரர் இப்போது போனை எடுப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன், சரிவரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது. "ஜிஎஸ்டி போட்டா ஏறிடும் சார்" என்று பில் தராமல் தட்டிக்கழித்தார்கள். கையில் இருப்பது 195/55 ஆர்16 என்று அவர்கள் கையெழுத்திலேயே எழுதிய சீட்டு, ஜிபே ரசீது, டயர் எண்ணைக் காட்டும் போட்டோக்கள். நட், போல்ட், ஹப் ரிங் பற்றி அலைன்மென்ட் கடைக்காரர் தன் பில்லிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார், அதையும் சேர்த்திருக்கிறேன். இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் டயரைக் கழற்றிப் போடுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் போட்டோ எடுத்துவிடுங்கள்.